ரெக்சின் பிஸ்கெட்

ஆம்பூரில் எங்கள் ஷூ ஃபேக்டரிக்கு வந்து, வீகன் என்றால் என்ன என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வாள்: ரெக்சின். வெளிநாட்டு ஆர்டர்களில் சிலவற்றுக்கு அட்டைப்பெட்டியின் மேல் அந்த வார்த்தை இருக்கும். அந்த ஷூவில் தோல் கிடையாது. மாடு, ஆடு சம்பந்தப்பட்ட பசைகூடக் கிடையாது. அந்த ஆர்டர் ஓடும் வாரத்தில் மேசை மேசையாகத் துடைத்து, தோல் துணுக்கு ஒன்று விடாமல் பெருக்கி, பசை டப்பாக்களை மாற்றி, ஃபேக்டரியைக் கல்யாண வீடாக்கிவிடுவார்கள்.

எனக்குக் கடைசி மேசையில் செக்கிங் வேலை. பதினோரு வருஷமாக, பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு ஜோடியையும் கடைசியாகப் பார்ப்பது நான்தான். ஒரு தையல் விட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பக்கத்து மேசையில் என்னைவிட மூத்த ஒரு அக்கா. வீட்டில் உருது பேசுபவர் என்பதால் எல்லாரும் அவரை ஆபா என்போம். முதல் வீகன் ஆர்டர் வந்த அன்று அவர் ஒரு ஷூவைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"இன்னாடி இது, ரெக்சினுக்கு வந்த வாழ்வப் பாரு! நேத்து வரைக்கும் ஆட்டோ சீட்டுல ஒக்காந்துனு இருந்துச்சு. இன்னிக்கு பேர மாத்திக்கினு சீமைக்குப் போவுது!"

அந்தப் பக்கத்து வரிசை வரை சிரிப்பு போனது. நானும் சிரித்தேன்.

என் மகளுக்குப் பால் ஆகாது. பிடிக்காது என்று சொல்லவில்லை, ஆகாது. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு விசேஷ வீட்டில் யாரோ ஆசையாக ஒரு ஸ்பூன் பாயசம் ஊட்டினார்கள். உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது, மூச்சு விசில் அடித்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றி, வேலூருக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

வேலூரில் அவள் முன்கையில் வரிசையாகச் சொட்டுச் சொட்டாக எதையோ வைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசி முனையால் லேசாகத் தொட்டார்கள். கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, பால் வைத்த இடம் மட்டும் கொசு கடித்தது போல் எழும்பி, என் கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டே போனது. தோலை நம்பிச் சோறு தின்னும் ஊர் எங்களுடையது. கீறல் விழுந்த தோல், உண்ணி கடித்த தோல், மடிப்பு விழுந்த தோல் எல்லாம் எனக்குத் தெரியும். உயிருள்ள ஒரு தோல், இத்தனூண்டு துளியை இன்னதென்று கண்டுபிடித்து எழுந்து நின்று சொல்வதை அன்றுதான் பார்த்தேன். பயத்தை மீறி ஆச்சரியம்தான் வந்தது. அம்மாடி, இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய காவல்காரனா! அவன் நல்லவன் கெட்டவன் தெரியாமல் அடிக்கிறான் என்பதுதான் கஷ்டம்.

வளர வளரச் சில பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும், அதுவரை ஒரு சொட்டுகூட நாக்கில் படக்கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த ஊரில் பால் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. பிரியாணியில் தயிர். மக்கன்பேடா இனிப்பில் கோவா. கோயில் பொங்கலில் நெய். கடை பிஸ்கெட்டில் பால் பவுடர். பக்கத்து வீட்டில், "பாலு ஆவாத கொழந்தையா? கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடும்மா" என்றார்கள். சுற்றியும் போட்டேன். அதையும் ஏன் விட வேண்டும்?

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் என் தூக்கம் போனது. டிபன் டப்பாவில் வீட்டுச் சாமான் மட்டும்தான் வைப்பேன். டீச்சரிடமும் சொல்லியிருந்தேன். மகளோ தினமும் வந்து ஒரே கதையைச் சொல்வாள்: "எல்லாரும் பாக்கெட்ட டர்ர்ருனு கிழிப்பாங்கம்மா." தின்பது பற்றிப் பேச மாட்டாள், கிழிப்பது பற்றித்தான் பேசுவாள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நான் இல்லாத இடத்தில் யாராவது ஒன்றைப் பிரித்து நீட்டினால், அதைத் திருப்பிப் பார்ப்பது யார்? கையில் ஷூ இருக்கும், மனசு அவள் டிபன் டப்பாவில் இருக்கும்.

அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோதுதான் பைபாஸ் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் அந்தக் கூடையைப் பார்த்தேன். பில் போடும் இடத்தில், பாதி விலை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே பச்சை இலைப் படம் போட்ட பாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. வீகன் கிராக்கர்ஸ். நம் உப்பு பிஸ்கெட்டுக்கு ஒல்லியாக ஒரு தம்பி இருந்தால் அப்படித்தான் இருப்பான்.

"இதா? யாருமே வாங்கலக்கா" என்றாள் பில் போடும் பெண். "தேதி முடியப் போவுது, அதான் வெலைய கம்மி பண்ணிட்டாங்க. பேரே யாருக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது. பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தேன். பின்னால் நின்றவர் "சீக்கிரம்மா" என்றார். "இருங்க" என்றேன். பால் இல்லை. பால் பவுடர் இல்லை. பால் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கையும் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அது கொலை.

வீட்டில் ஒரு பாக்கெட்டை அவள் கையில் கொடுத்தேன். நம்பாமல் என்னைப் பார்த்தாள். பிறகு டர்ர்ரென்று கிழித்தாள். ஒன்றை எடுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தாள். மொறுக்கென்று சத்தம் வந்தது. மென்றாள், விழுங்கினாள், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். கண்ணைத் திறந்து, "அம்மா, மூச்சு வருதும்மா" என்றாள். ஆறு வயசுக் குழந்தை முதலில் பார்த்தது ருசியை அல்ல. நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஃபேக்டரிக்கு ஒரு பாக்கெட் கொண்டு போனேன். ஆபா அதன் மேல் இருந்த வார்த்தையைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"அடியே, ரெக்சின் பிஸ்கெட்டாடி! கடிச்சா பிய்யுமா, இல்ல கத்தி வேணுமா?"

"கிண்டல் பண்ணாதீங்க ஆபா. எல்லாமே செடியிலேர்ந்து செஞ்சது. ஒடம்புக்கு நல்லது."

ஒன்றைத் தின்றார். இன்னொன்றை எடுத்தார். "நல்லாத்தான்டி இருக்குது. உப்புதான் ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதுக்குக் கையை நீட்டினார்.

அந்தக் கூடையை நான் காலி செய்தேன். அடுத்த முறை போட்டதையும் காலி செய்தேன். மகள் நாளுக்கு ஒரு பாக்கெட் என்று ஆரம்பித்து இரண்டுக்குப் போனாள். இட்லி திரும்பி வந்தது, சாம்பார் சாதம் திரும்பி வந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கெட்டதையா கொடுக்கிறேன், இலைப் படம் போட்டிருக்கிறதே என்றுதான் இருந்தது. அவள் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து பாக்கெட் கிழிக்கிறாள் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண் மறைத்துவிட்டது.

சில மாதம் கழித்து வேலூரில் செக்கப். எடை ஏறவில்லை என்று சாப்பாடு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுதான். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் பெருமையாகப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பால் இல்ல, சரி. ஆனா இதுல இன்னா இருக்குதுன்னு பாத்தீங்களா?"

"வீகன்னு போட்டிருக்குதே மேடம்."

"அது இல்லாதத சொல்ற வார்த்தைம்மா. இருக்கறத சொல்லல. இங்க பாருங்க, எது ஜாஸ்தியோ அதத்தான் மொதல்ல எழுதணும். மைதா. அடுத்தது பாமாயில். அப்புறம் ஸ்டார்ச், சக்கர. உப்பு எவ்ளோன்னு இந்தக் கட்டத்துல போட்டிருக்காங்க, பாருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஊர்ல இருக்கற புள்ளைங்க எல்லாம் கண்டதையும் துண்ணுதுங்க மேடம். எம் பொண்ணு ஒண்ணே ஒண்ணு துண்ணா மட்டும் குத்தமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "குத்தம்னு யார் சொன்னா? இது விஷம் இல்ல. ஆனா சாப்பாடும் இல்ல, நொறுக்குத் தீனி. வாரத்துல ரெண்டு நாள், நாலஞ்சு குடுங்க, ஆசையா துண்ணட்டும். பால் குடிக்காத கொழந்தைம்மா, எலும்புக்கு நாமதான் தேடிக் குடுக்கணும். கேவுரு அடை, எள்ளுருண்ட, வேர்க்கடல, சுண்டல். இதுவும் செடியிலேர்ந்து வர்றதுதானே? எல படம் போட்டாத்தான் நம்புவீங்களா?"

திரும்பி வரும் பஸ்ஸில் பாக்கெட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீகன் ஷூவை நான் ஒரு நாளும் நல்ல ஷூ என்று நினைத்ததில்லை. தோல் இல்லாத ஷூ, அவ்வளவுதான். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் என்று என் விரலுக்கே தெரியும். அதே வார்த்தை பிஸ்கெட் மேல் ஏறியதும் என் புத்தி புல் மேயப் போய்விட்டது. உப்பைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கவும் வேண்டாம். தோல் பதனிடும் தோல்ஷாப்புகளுக்குப் பச்சைத்தோல் உப்புப் போட்டுத்தான் லாரி லாரியாய் வந்து இறங்குகிறது. அந்த உப்பையும் ஆபாவின் நாக்கு அன்றைக்கே சொல்லிவிட்டது. நான்தான் கேட்கவில்லை. பொய் சொல்லாமலே ஒரு சொல் ஆளை இப்படிச் சாய்க்குமா என்று மலைப்பாக இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு வாரம் மல்லுக்கட்டு. புதன், சனி மட்டும் பாக்கெட் என்றேன். அவள் தரையில் படுத்துப் புரண்டாள். கேவுரு அடையைத் துப்பினாள். வேர்க்கடலையை மட்டும் ஏற்றுக்கொண்டாள், பிறகு எள்ளுருண்டை, கடைசியில் அடையும் உள்ளே போனது. எடையும் மெதுவாக ஏறியது.

இந்த வருஷம் ரம்ஜானுக்கு ஆபா வீட்டில் மதியச் சாப்பாடு. என் மகளுக்காகத் தயிர் போடாமல் தனிப் பாத்திரத்தில் பிரியாணி செய்திருந்தார். சேமியாவும் பாலும் காய்ச்சிய ஷீர் குர்மாவை அவள் கண்ணில் படாமல் உள்ளறையில் மூடி வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும், பீரோவிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து வந்தார். அதே பச்சை இலை, அதே கம்பெனி, புதினா போட்ட புது ருசி.

"பெரிம்மா ஒனக்குன்னே வாங்கி வெச்சேன். வீகன்னு பாத்துதான்டி வாங்கினேன். இதையும் பாதி வெலைக்குப் போட்டுட்டான்."

நான் வாங்கிப் பார்த்தேன். இலையைப் பார்த்தேன். வார்த்தையைப் பார்த்தேன். "சாப்டும்மா" என்று அவளிடம் கொடுத்தேன்.

அவள் கிழிக்கவில்லை. பாக்கெட்டைத் திருப்பினாள். விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்தினாள். மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற கடைசி வரியில் விரல் நின்றது.

"அம்மா, இதுல இருக்குது. எம், ஐ, எல், கே."

பிடுங்கிப் பார்த்தேன். பால் கலந்திருக்கலாம் என்று இங்கிலீஷில் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "யா அல்லா, என் கையாலயே" என்று ஆபா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"யாருடி ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"நீதான்."

"நான் எப்பம்மா சொல்லிக் குடுத்தேன்?"

"கடைல நீ படிக்கறப்ப பாப்பேன். இந்த வார்த்த வந்தா அங்கயே நின்னுடுவ, மூஞ்சி மாறிடும். அத பாத்து வெச்சிக்கினேன்."

ஏழு வயசு. என் முகத்தைப் பார்த்தே நாலு எழுத்துப் படித்திருக்கிறாள். அவள் எழுந்து போய், அழுதுகொண்டிருந்த ஆபாவின் மடியில் அந்தப் பாக்கெட்டை வைத்தாள். "அழுவாதீங்க பெரிம்மா. நீங்க சாப்டுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள்.

இவள் பிறந்ததிலிருந்து அன்றுதான் முதல் முறையாக, நான் இல்லாவிட்டாலும் இவள் இருந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, ஆபாவைவிடச் சத்தமாக நான் அழுதேன்.