காசிநாதன் பார்க்காத ராக்கெட்

திருவெறும்பூரில் காசிநாதன் வீடு எது என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் தெரியாது. ராக்கெட்காரர் வீடு என்றால் ஆட்டோக்காரரே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். குடி இல்லை, சீட்டு இல்லை, ராக்கெட்தான் பைத்தியம். அரசாங்க ராக்கெட்டை ஊரே பார்க்கும். இவருக்குப் பிடித்தது தனியார் கம்பெனிகள் விடுகிறவை. எந்த நாட்டில் எவன் புது எஞ்சின் செய்கிறான், எவன் போன ராக்கெட்டைத் திரும்பத் தரையில் இறக்கப் பார்க்கிறான் என்பதெல்லாம் அத்துப்படி. கவுன்ட்டவுன் பாதியில் நின்றுபோனால் மனிதருக்குச் சோறு இறங்காது.

அவர் பார்த்தால் ராக்கெட் விழும் என்கிற ராசிப் பேச்சு பக்கத்து வீட்டுப் பூவரசன் ஆரம்பித்து வைத்த வினை. சேர்ந்து உட்கார்ந்து பார்த்த ராக்கெட் ஒன்று கிளம்பிய கையோடு வெடித்தபோது அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, நீங்க பார்த்தா புட்டுக்குது. நீங்க டூட்டிக்குப் போயிட்டா ஜம்முனு மேல போகுது. கவனிச்சீங்களா?"

கிரிக்கெட் பார்க்கும்போது, உட்கார்ந்தால் விக்கெட் விழுந்துவிடும் என்று, எழுந்தவனை மறுபடி உட்காரவிடாமல் நிற்கவைக்கிற ஊர் இது. ராசி என்று ஒன்று கிளம்பினால் விடுமா? புதுக் கம்பெனிகளின் முதல் ராக்கெட் விழுவது சகஜம். இவரோ முதல் ராக்கெட்டுகளாகவே தேடித் தேடிப் பார்க்கிறவர். விழாமல் என்ன செய்யும்? இதை எடுத்துச் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. காசிநாதனும் சேர்ந்து சிரித்தார். அங்கேதான் தப்பு. அன்றைக்கே வாயை மூடுடா என்று ஓர் அதட்டு போட்டிருக்க வேண்டும்.

அவருடைய ஒரே மகள் யமுனா, அப்பா மடியில் உட்கார்ந்து ராக்கெட் பார்த்து வளர்ந்தவள், படித்து முடித்துச் சென்னையில் ஒரு சின்ன ராக்கெட் கம்பெனியில் இன்ஜினியராகச் சேர்ந்தாள். அந்தக் கம்பெனியின் முதல் ராக்கெட் கிளம்பிய அன்று தெருவே காசிநாதன் வீட்டு டி.வி. முன்னால் கூடியது. மேலே போனது, லேசாகச் சாய்ந்தது, கடலில் விழுந்தது. அவர் மனைவி பிரேமலதா டி.வி.யைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

இரண்டாவது ராக்கெட்டுக்கு நாள் குறித்தார்கள். இதுவும் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று யமுனாவே சொல்லியிருந்தாள். முந்தின நாள் போன் செய்தாள்.

"அப்பா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"இந்தத் தடவை மட்டும் நீங்க பாக்காம இருந்துடுங்களேன்."

காசிநாதன் சிரித்தார். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. "எனக்கு அதுல நம்பிக்கையெல்லாம் இல்லப்பா. இருந்தாலும் மனசு கேக்கல" என்றாள்.

மறுநாள் காலையில் அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் போய் இறங்கினார். படித்துறையில் திதி கொடுக்கிற கூட்டம். எள்ளும் தண்ணீருமாகக் கிடந்த ஈரப் படியில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பையன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அதில் கவுன்ட்டவுன் குரல். தேள் கொட்டினாற்போல எழுந்து அந்தக் கோடிக்கு ஓடினார். அங்கே போயும் நிம்மதி இல்லை. இந்நேரம் எரிபொருள் நிரப்பியிருப்பான், இந்நேரம் கடைசிச் சோதனை என்று மனசு தன்பாட்டுக்கு ஓடியது. மனசால் பார்த்தாலும் பார்த்ததுதானோ? அட பாவமே, நாற்பது டன்னைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்துகிற மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டு ரங்கநாதா ரங்கநாதா என்று நடுங்கினார். பக்கத்திலிருந்தவர்கள் வீட்டில் பெரிய சாவு போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

மத்தியானம் பயந்து பயந்து தெருவுக்குள் நுழைந்தார். பட்டாசுக் குப்பை. பூவரசன் ஓடிவந்து வாயில் லட்டைத் திணித்தான். "தூள்ணே! சாட்டிலைட்டைக் கரெக்டா கொண்டுபோய் விட்ருச்சு!" காசிநாதன் அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பிரேமலதா போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள்.

"அப்பா! கடைசி வரைக்கும் பாக்கலைல்ல? சத்தியமா?"

"சத்தியமா பாக்கலம்மா."

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்றாள் யமுனா. மனசாரத்தான் சொன்னாள். அவருக்குத்தான் வாயிலிருந்த லட்டு உள்ளே இறங்கவில்லை. விழுந்திருந்தால் ராசி பொய் என்று ஆகியிருக்கும், மகள் வேலை போயிருக்கும். ஜெயித்ததால் ராசி மெய்யாகிவிட்டது. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

அதற்கப்புறம் அந்த வீட்டு டி.வி.யில் ராக்கெட் ஓடவில்லை. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மச்சினன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது, நீங்க அப்புறமா வாங்க என்றாள் பிரேமலதா. தெருவில் ஒருவர் புது வண்டி எடுத்தார். இவர் வருவதைப் பார்த்துச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. என்ன ஜனங்களோ!

பொங்கலுக்கு யமுனா வந்தாள். அடுத்து கட்டுகிற பெரிய ராக்கெட்டுக்கு எஞ்சின் சோதனையை அவள் பொறுப்பில் கொடுத்திருந்தார்கள். சென்னைக்குத் திரும்பக் கிளம்பும்போது காசிநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பையைத் தூக்கினார்.

"ஏங்க, நீங்க இருங்க. நானே ஜங்ஷனுக்குப் போய் ஏத்திவிட்டுட்டு வரேன்" என்றாள் பிரேமலதா.

"ஏன்?"

"பொண்ணு நல்ல காரியமா போறா. சொன்னா கேளுங்களேன்."

காசிநாதன் மகளைப் பார்த்தார். அப்பா வரட்டும்மா என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். யமுனா குனிந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்த பிறகும் அவள் நிமிரவில்லை.

பையைக் கீழே வைத்தார். "சரிம்மா, போயிட்டு வா" என்றார். பிறகு, யாரும் சொல்லாமலே உள்ளறைக்குப் போய், அவள் படியிறங்குவதற்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டார்.