கரடிக்கல்லில் கூக்காட்டும் வேலை

வேலையில் சேர்ந்த முதல் நாள் என் கையில் தந்தது ஒரு வெறும் சாக்கு. மலைநாட்டுத் தேசியப் பூங்கா. புகார் மூட்டத்துக்குள் மரைமான்கள் மேயும், விடியப்புறம் புல்வெளி பனியில் வெளுத்துக் கிடக்கும் என்று கனவு கண்டு போனவன் நான். எனக்குக் கிடைத்த உத்தியோகமோ பார்க்க வந்த சனம் எறிந்துவிட்டுப் போன பொலித்தீன் பைகளைப் பொறுக்குவது. வனசீவராசித் திணைக்களத்தில் சேர நினைக்கும் பிள்ளைகள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மிருகங்களோடு மினக்கெடுவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மனிதரோடு.

மலை என்ற பெயரில் ஒரு கல்

யுத்தம் முடிந்து சனம் ஊர் திரும்பிய பிறகு எனக்கு வன்னிக்கு மாற்றம் கிடைத்தது. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரம் எங்கள் திணைக்களக் கந்தோர். "மலையை விட்டுட்டு வந்தனெண்டு கவலைப்படாதையுங்கோ, இங்கயும் ஒண்டு கிடக்கு" என்று அங்கே இருந்தவர்கள் பகிடி பண்ணினார்கள். போய்ப் பார்த்தேன். பாலை, வீரை, முதிரை மரங்கள் நிற்கிற தட்டைக் காட்டுக்கு நடுவில் ஒரு கருங்கல் மேடு. பெயர் கரடிக்கல்லு. மலைநாட்டில் வருசக்கணக்காக மூச்சிரைக்க ஏறியவனுக்கு அது ஏறி இறங்க ஒரு வெற்றிலை போடும் நேரம்.

ஒருமுறை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த புவியியல் ஆசிரியர் ஒருவர் அந்தக் கல்லைத் தடவிக் காட்டினார். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடியது. மலைநாட்டுக் கல்லும் இந்தச் சாதிதானாம். இது எழும்பி வந்த மலை இல்லை, சுற்றி இருந்ததெல்லாம் தேய்ந்துபோக மிஞ்சி நிற்கிறது என்றார். பகல் வெயிலில் சுட்டு இரவில் குளிர்ந்து, வெங்காயத் தோல் உரிகிற மாதிரி கல் தட்டுத் தட்டாகக் கழன்று சரியும். அந்தத் தட்டுகளின் கீழ் இருக்கிற பொந்துகளில்தான் கரடிகள் குட்டி போடும். உச்சியில் உள்ள குழிகளில் மாரி மழைத் தண்ணீர் ஆனி மாதம் வரை கிடக்கும். மயில், மான், முசுக் குரங்கு எல்லாம் அங்கேதான் வரும்.

ஒரே பழம்

வைகாசி பிறந்தால் கல்லைச் சுற்றிப் பாலை பழுக்கும். மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பழம். தின்றால் பால் உதட்டில் ஒட்டும், ஆனால் விட மனம் வராது. கரடிக்கும் மனிசருக்கும் ஒரே பழம். கரடி மரத்தில் ஏறிக் கொப்பை வளைத்துத் தின்னும். அப்போது அது போடுகிற உறிஞ்சல் சத்தத்தில் அதற்கே வேறொன்றும் கேளாது. கண் பார்வையும் மட்டு. கிட்டப் போய்த் திடீரென்று முன்னால் நின்றால், ஓட நினைக்காது. முகத்தைத்தான் பிறாண்டும்.

அதனால் பழம் பொறுக்கப் போகும் சனத்துக்கு ஒரு முறை இருந்தது. காட்டு விளிம்பிலிருந்தே கூக்காட்டுவார்கள். ஒருவர் "கூ" என்றால் மற்றவர் பதில் "கூ" கொடுக்கவேண்டும். மரத்துக்குக் கிட்டப் போகமுதல் தடியால் அடிமரத்தில் தட்டுவார்கள். கரடி இறங்கிக் கல்லுக்குள் போய்விடும். சட்டப்படி உள்ளே போகவே கூடாது. நாங்கள் கண்டும் காணாமல் இருந்தோம்.

சிவமலரை அப்போதுதான் பழக்கம். புருசன் இறுதிச் சண்டையில் போய்விட்டார். ஒரு பெண்பிள்ளையோடு தனியே இருந்தாள். மற்ற மாதங்களில் வயல்கூலி. பாலைப்பழக் காலத்தில் பஸ் நிற்கிற இடத்தில் தகரப் பேணியால் அளந்து பழம் விற்பாள். அவளின் கூ மற்றவர்களுடையதிலும் நீளம். நான் தூரத்தில் நின்றே "மலர் வந்திட்டுது" என்று சொல்லிவிடுவேன்.

சத்தம் நின்ற வருசம்

வவுனியாவிலிருந்து புதிய ரேஞ்சர் வந்தார். நல்ல மனிதர், நேர்மையானவர், இளரத்தம். முதல் கூட்டத்திலேயே சொன்னார்: "கண்டும் காணாம இருக்கிறதுக்கே எங்களுக்குச் சம்பளம் தருகினம்? இந்த முறை ஒருத்தரும் உள்ள போகேலாது. பிடிச்சா வழக்கு."

நான் எழும்பினேன். "சேர், வழக்குப் போடலாம். ஆனா சனம் போகாம விடாது. எங்களுக்குப் பயந்து சத்தம் போடாமப் போகும். அதுதான் பயமாக் கிடக்கு."

"சத்தம் போட்டுப் போனா என்ன, போடாமப் போனா என்ன, ரெண்டும் குற்றம்தானே?"

கரடியைப் பற்றிச் சொன்னேன். கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப போகாம இருந்தா ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். சட்டம் அவர் பக்கம்தான்.

அந்த வைகாசியில் காட்டு விளிம்பில் காவல் நின்றோம். ஒரு கூவும் கேட்கவில்லை. சனம் போகவில்லை என்று ரேஞ்சர் நினைத்தார். மணலில் கால் அடிகள் உள்ளே போயிருந்ததை நான் பார்த்தேன். ஒரு காலை, வெயில் ஏறுகிற நேரம், கல்லுப் பக்கமிருந்து ஒரு அலறல் வந்தது. ஒன்றுதான்.

ஓடிப்போனோம். பாலை மரத்தடியில் மலர் கிடந்தாள். பழங்கள் சிதறிக் கிடந்தன. முகத்தின் இடது பக்கத்தை நான் இங்கே எழுத மாட்டேன். ஜீப்பில் ஏற்றினோம். ரேஞ்சர்தான் தன் சேர்ட்டைக் கழற்றி முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வழியில் அவளுக்கு நினைவு வந்தது. என் குரலை அடையாளம் பிடித்தாள்.

"அண்ணை, நான் கூக்காட்டேல்லை. நீங்கள் நிக்கிறியளெண்டு."



பேணி

உயிர் தப்பினாள். இடது கண் போய்விட்டது. பட்ட காலிலே படும் என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. மேலிடத்திலிருந்து எச்சரிக்கைப் பலகைகள் வந்தன. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

ரேஞ்சர் தடையை எடுக்கவில்லை; எடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் அடுத்த வைகாசிக்கு முன் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பெரிய பால்மாப் பேணி இருந்தது.

"அண்ணை, ரோந்து போகேக்க சத்தம் போடக்கூடாதெண்டு ஏதும் சட்டம் இருக்கோ?"

"எனக்குத் தெரிய இல்லை, சேர்."

"அப்ப விடியவே போய் கல்லைச் சுத்தி இதை அடியுங்கோ."

அதுதான் பிறகு என் வேலை. விடியப் போய்ப் பேணியை அடித்து, கூக்காட்டிக்கொண்டு கல்லைச் சுற்றி வருவேன். கரடி பொந்துக்குள் போகும். சனம் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று அறிந்து மற்றப் பக்கத்தால் போகும். அவர்களும் துணிந்து கூக்காட்டத் தொடங்கினார்கள். பிடிக்கிற வேலை செய்ய வந்தவன் கலைக்கிற வேலை செய்தேன். வெட்கமாக இருக்கவில்லை, அலுப்பாக இருந்தது. தொண்டையும் போனது.

முதல் நாளே மலர் ஒற்றைக் கண்ணோடு வந்து நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேற வேலை பாக்கலாமே பிள்ளை?"

"வேலையைக் காட்டுங்கோ அண்ணை, போறன்."

நான் பேணியை அடித்துக்கொண்டு மற்றப் பக்கம் போனேன்.

காட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். மரம் கடத்துகிறவனைப் பிடிக்க அது சரி. பழம் பொறுக்குகிறவளை நம்மைக் கண்டு வாயை மூடப் பண்ணினால், காடும் காக்கப்படாது, அவளும் காக்கப்படமாட்டாள். இவ்வளவு வருசத்தில் நான் படித்தது இவ்வளவுதான்.

ரேஞ்சர் மாற்றலாகிப் போனார். நானும் பென்சன் எடுத்துவிட்டேன். உள்ளே போக இப்போது எனக்கும் அனுமதியில்லை. வைகாசி வந்தால் சைக்கிளில் பேணியைக் கட்டிக்கொண்டு போய், றோட்டில் நின்றே அடிக்கிறேன். பஸ்ஸில் போகிறவர்கள் கிழவனுக்கு மூளை தட்டிவிட்டது என்று சிரிக்கிறார்கள்.

நேற்றும் போனேன். கனநேரம் அடித்தேன். பதில் இல்லை. கை உளைந்தது, முழங்கால் விண் விண்ணென்று வலித்தது, ஆனால் திரும்ப மனம் வரவில்லை. பிறகு கல்லுப் பக்கமிருந்து ஒரு கூ வந்தது, நீளமாக.

அதற்குப் பிறகுதான் சைக்கிளைத் திருப்பினேன்.