டிஸ்ப்ளே கார்டு மறுவீடு போன கதை

இன்று காலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது என் கைபேசி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாலாஜாபாத் தாண்டுவதற்குள் எல்லாம் பளபளப்பாகிவிட்டது. நான் தினமும் தொடும் பொத்தான்கள் மட்டும் எங்கோ குடிபோய்விட்டன. தேடிக்கொண்டிருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் கற்பூர வாசனை நினைவுக்கு வந்தது. சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடை. அங்கே நான் ஆபரேட்டர். அதாவது, செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போகும் உரிமை பெற்றவன். ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது. எனக்கு வியர்த்தால் யாருக்கும் கவலையில்லை.

முதலாளி புது ஆபரேட்டிங் சிஸ்டமும், படம் துல்லியமாகத் தெரிய ஒரு புது டிஸ்ப்ளே கார்டும் வாங்கிவந்தார். ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்துப் பார்க்கலாம் என்றேன்.

"நல்ல நேரம் ஒண்ணுதான்பா கீது. ரெண்டையும் சேத்துப் போட்டுடு" என்றார்.

விஞ்ஞானம் பஞ்சாங்கத்துக்கு வழிவிட்டது. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், கற்பூர ஆரத்தி. மவுஸுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதை மட்டும் கெஞ்சித் தடுத்தேன்.

திரை ஜொலித்தது. மலை, மேகம், புல்வெளி. தமிழ் எழுத்து வரவேண்டிய இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாக நின்றது. எங்கள் ஊர்க் கோயில் சுவரில் ஆயிரம் வருஷமாக எழுத்து அப்படியே இருக்கிறது. எங்கள் கடை எழுத்து ஒரு நல்ல நேரத்தைக்கூடத் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் திருமுக்கூடல் முனுசாமி வந்தார். விவசாயி. மகள் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டியவர். வெறுங்கையோடு போனால் அந்தப் பக்கத்து மாமன்கள் சும்மா விடுவார்களா? திரையை வெகுநேரம் பார்த்தார்.

"படம் ஷோக்கா கீது சார். எம் பொண்ணு பேரு எங்க?"

கோளாறு சிஸ்டத்திலா, கார்டிலா என்று கண்டுபிடிக்க, கார்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முதலாளி குறுக்கே நின்றார். "வச்ச அன்னிக்கே எடுத்தா வெளங்குமா?"

முனுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுக்கறதுன்னு ஏன் மொதலாளி நெனைக்கிற? கண்ணாலம் ஆன பொண்ண மறுவூட்டுக்கு அனுப்பறதில்லியா? போயிட்டு வரட்டுமே."

முதலாளி யோசித்தார். வெற்றிலை பாக்கு வந்தது. புது கார்டு மஞ்சள் குங்குமத்தோடு தன் அட்டைப்பெட்டிக்கு மறுவீடு போனது, பழையதை மாட்டினேன். மேகமெல்லாம் மங்கிப்போனது. நடுவில் 'திருவளர்செல்வி மல்லிகா' என்று வந்தது. முனுசாமி அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். கிண்டல் எல்லாம் போய், எனக்கே கண் கலங்கிவிட்டது.

போன கார்டு திரும்பி வரவேயில்லை. கடையும் இப்போது இல்லை. இன்று கைபேசியைப் பழையபடி மாற்ற வழி தேடினேன். இனி முடியாது என்று அதுவே எழுதிக் காட்டியது, சுத்தமான தமிழில், பளிச்சென்று. அன்றைக்கு "எங்க?" என்று ஒருவர் கேட்டால், எதிரில் திருதிருவென்று முழிக்கவாவது முதலாளியும் நானும் இரண்டு பேர் இருந்தோம்.