பூங்கா வாயிலில் சோற்றுக்கூடை

சித்தூரில் நீவா நதிக்கரைப் பூங்காவைப் புகழாதவர்கள் இல்லை. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் அது பூங்காவானபோது எனக்கு எட்டு வயது. அதற்கு முன் அது யாரோ ஒரு பாளையக்காரர் கட்டிய மண்கோட்டை. மதில் பாதி இடிந்து கிடந்தது. பாம்புக்குப் பயந்து யாரும் உள்ளே போகமாட்டார்கள்.

மதிலை வெட்டி அகழியைத் தூர்க்க ஆள் எடுத்தார்கள். என் அம்மா ஒரு கோடை முழுக்க அங்கே மண் சுமந்தாள். உச்சந்தலையில் முடியே தேய்ந்துபோயிற்று. பிறகு அகழி இருந்த இடத்தில் புல் முளைத்தது. ஆற்றைப் பார்த்தபடி பெஞ்சுகள் வந்தன. என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், வாயில் காவல் வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை, பித்தளை வில்லை, கையில் ஒரு தடி. தலையில் சுமையோடு வருபவர்களை உள்ளே விடக்கூடாது என்று அவருக்கு உத்தரவு.

திறப்பு விழா முடிந்த மறுவாரம், அம்மா சோற்றுக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள்.

"உங்க நைனா துன்னு முடிச்சதும், அந்த பெஞ்சில ஒரு தடவ உக்காந்துட்டு வரலாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தனை மண் சுமந்தவளுக்கு அந்த ஆசை இருக்காதா?

வாயிலில் நைனாவோடு மேலதிகாரி நின்றிருந்தார்.

"யாருய்யா இந்தப் பொம்பளை?" என்றார்.

நைனா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாதுங்க. மண்ணு சொமந்தவங்கள்ல ஒருத்தியா இருக்கும்."

நைனாவே தடியை ஆட்டி எங்களைப் போகச் சொன்னார். அம்மா திரும்பி நடந்தாள். ஆற்று மணலில் கூடையை இறக்கி, நைனாவின் சோற்றை எனக்குப் போட்டாள். பசியில் முழுவதையும் தின்றுவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"வேல பூடும்னு பயந்துட்டேன்" என்று அன்று மாலை நைனா கெஞ்சினார். அம்மா சமைத்தாள், பரிமாறினாள், வாய் மட்டும் திறக்கவில்லை. அந்தப் பெஞ்சில் அவள் கடைசிவரை உட்காரவும் இல்லை.

எங்கள் கிறிஸ்தவ சபையில் யார் மேலாவது மனத்தாங்கல் இருந்தால் திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. அதனால் பாதிரியார் முந்தின நாளே ஒவ்வொருவராக அழைத்து விசாரிப்பார். அந்த மாதம் அம்மாவையும் நைனாவையும் சேர்த்து நிற்கவைத்தார்.

"உன் புருஷன் மேல உனக்கு ஏதாவது கோபம் இருக்காம்மா?"

அம்மா நைனாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோவம் எப்படிங்கய்யா வரும்? இவரு யாருன்னே எனக்குத் தெரியாதே."