மாடிப்படியில் திரும்பும் படகு

ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்க்கிற மனிதருக்கு, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வீடு. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அவர் வேலை செய்யும் இடத்தில் கிடையாது. அவரும் சேர்ந்து சிரிப்பார். கால்சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு இரும்பு டேப் கிடக்கும் என்பதால் அவருக்கு டேப்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால் முதலில் மாடிப்படியை அளப்பார், அப்புறம் ஃப்ரிட்ஜை அளப்பார், கடைசியில்தான் அது குளிருமா என்று கேட்பார். அளந்து செய்தவன் அழமாட்டான் என்று அவராகவே ஒரு பழமொழி வேறு செய்து வைத்திருந்தார். அந்தப் பழமொழியை இப்போது அவர் சொல்வதில்லை.

அவருடைய மனைவி பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். மனைவிக்கு ஒரே தம்பி. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பழக்கதோஷம், பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அவனுடைய வலது கால் தானாகப் போய் இல்லாத பிரேக்கை மிதிக்கும். மாமனும் மைத்துனனும் என்று பெயர்தானே தவிர, இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். நாற்பது வயதில் டேப்காரருக்குக் கடலுக்கடியில் போய்ப் பார்க்கும் ஆசை வந்ததே மைத்துனனால்தான். முதுகில் காற்று சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட், காலில் ரப்பர் துடுப்பு, இவற்றோடு இறங்கிவிட்டால் லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று யாரும் போன் பண்ண முடியாது என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிழட்டு மரப்படகை வாடகைக்கு எடுப்பார்கள். மூன்று பேரும் போவார்கள். அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அந்த மூவரில் மிக முக்கியமான வேலை அவளுடையதுதான். இருவரும் கீழே போனதும் அவள் படகின் முனையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நங்கூரக் கயிற்றில் ஒரு கையை வைத்தபடி, மேலே வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். குமிழி தள்ளிப் போனால் கயிற்றைத் தளர்த்துவாள். காற்று மாறினால் எஞ்சினைத் தட்டிக் கொஞ்சம் நகர்த்துவாள். மேலே வந்தவர்களுக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பாள். கிளினிக்கில் பல்வலிக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ தேவலை என்று சொல்வாள்.

மரப்படகுக்காரர் படகை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். சரி, நாமே ஒன்று வாங்கிவிடுவோம் என்று கிளம்பினார்கள். காற்றடித்து மிதக்கவிடும் ரப்பர் படகு. வேலை முடிந்ததும் காற்றைப் பிடுங்கிச் சுருட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம்.

கடையில் இரண்டு படகு பிடித்திருந்தது. பெரியதில் ஆறு பேர் என்றும் சிறியதில் நாலு பேர் என்றும் ஒட்டியிருந்தது. கடைக்காரர் நேர்மையான மனிதர்.

"டைவிங் போறவங்க அதுல பாதிதான் எடுத்துக்கணும் சார். சிலிண்டர் ஒரு ஆள் எடத்த அடைக்கும். பெரியத எடுங்க. மூணு பேரு தாராளமா போலாம்."

டேப்காரர் டேப்பை எடுத்தார். பெரிய படகைச் சுருட்டிக் கட்டினால் ஒரு மீட்டர் முப்பத்திரண்டு. அவர் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று இருபதுக்கு மேல் எதுவும் திரும்பாது. நிமிர்த்தித் தூக்கலாம் என்றால் அறுபத்திரண்டு கிலோ. சிறியது ஒரு மீட்டர் எட்டு சென்டிமீட்டர், முப்பத்தேழு கிலோ. அவருக்கு அங்கேயே கணக்கு முடிந்துவிட்டது.

"எங்க ஸ்கூல் ஷெட்ல போட்டு வச்சுக்கலாம் மாமா. பெரியதே எடுப்போம்" என்றான் மைத்துனன்.

"ஷெட்ல எலி இருக்குடா. ஒரு கடி கடிச்சா போச்சு."

"அப்ப எனக்கு எடம்?" என்று கேட்டாள் அவள்.

டேப்காரர் கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கிப் படம் போட்டார். படகின் உள்தரை. நீட்டிய காலோடு ஒரு ஆள், தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். அவனுக்கு எதிரே இன்னொரு ஆள். இரண்டு சிலிண்டர், ஒரு பெட்ரோல் டேங்க். தாளில் மிச்சம் ஒன்றுமில்லை.

"நீயே பாரும்மா. எங்க உக்காருவ? நங்கூரம் இருக்குல்ல, நீ பண்ற வேலைய அது பண்ணும்."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நல்லது. நங்கூரத்துக்கு டீ ஊத்தத் தெரியுமான்னு கேட்டுக்கங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினானாம் ஒருவன். அவனும் வீட்டுக்கு வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்திருப்பான்.

படகு மாடிப்படியில் அழகாகத் திரும்பியது. பன்னிரண்டு சென்டிமீட்டர் மிச்சம். டேப்காரர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டே காட்டினார்.

மூன்று முறை ஒரு குறையும் இல்லாமல் போய் வந்தார்கள். அவள் ஃபிளாஸ்க்கோடு கரையில் உட்கார்ந்திருந்தாள். நாலாவது முறை, ஒரு நிலமுனையைத் தாண்டி, கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பாறையடிக்குப் போனார்கள். நங்கூரம் போட்டார்கள். இறங்கினார்கள். முக்கால் மணி நேரம் கீழே மீன் பார்த்தார்கள். மேலே காற்று கிளம்பியதும், நங்கூரம் மணலை உழுதுகொண்டு நழுவியதும் அவர்களுக்குத் தெரியவில்லை. நங்கூரத்துக்குக் கயிற்றைப் பிடிக்கத்தான் தெரியும், காற்றைப் பார்க்கத் தெரியாது.

தலையைத் தூக்கினால் படகு இருநூறு மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க இங்கயே மிதங்க மாமா. நான் புடிச்சிட்டு வந்துடறேன்." சிலிண்டரையும் பெல்ட்டையும் கழற்றி விட்டுவிட்டு மைத்துனன் நீந்தினான். நல்ல நீச்சல்காரன். ஆனால் ஆளில்லாத ரப்பர் படகு காற்றில் பலூன் மாதிரி ஓடும். இவன் பத்து கை போட்டால் அது இருபது கை தூரம் போனது. "விட்டுடு, திரும்பி வாடா" என்று டேப்காரர் கத்தினார். கேட்டதோ இல்லையோ. கொஞ்ச நேரம் அவனுடைய மஞ்சள் தொப்பி தெரிந்தது. அலை ஏறி இறங்கும்போதெல்லாம் தெரிந்தது. அப்புறம் அலை மட்டும் ஏறி இறங்கியது.

பன்னிரண்டு மணிக்கு வருகிறேன் என்றவர்களை ஒன்றரை வரை பார்த்துவிட்டு அவள்தான் ஓடிப்போய்த் துறைமுக அலுவலகத்தில் சொன்னாள். மூன்று மணிக்கு ஒரு மீன்பிடிப் படகு டேப்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தது. மறுநாள் ரப்பர் படகு எங்கோ ஒரு மணல்திட்டில் ஒதுங்கிக் கிடந்தது. ஒரு கீறல் இல்லை. உள்ளே இரண்டு துண்டு. காய்ந்தே இருந்தன. மைத்துனனைப் பதினொரு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். சொன்னவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே ஒன்றுமே கவிழவில்லையே. அதுதானே வயிற்றெரிச்சல்.

மாமியார் அழுதழுது ஓய்ந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எப்பவும் அவள கூட்டிட்டுப் போவீங்களே, அன்னிக்கு ஏன் கூட்டிட்டுப் போகல?"

"படகுல எடம் இல்ல அத்தே."

விசாரணை அதிகாரியிடமும் அதையே சொன்னார். படகில் இடம் இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். டேப்காரர் அந்தத் தாளைப் பர்ஸில் வைத்திருந்தார். கடையில் படம் போட்ட அதே தாள். கேட்கிறவர்களிடம் விரித்துக் காட்டுவார். கேட்காதவர்களிடமும் காட்டுவார். லிஃப்டின் மேல் ஏறி நின்று வேலை செய்யும்போது, இருட்டுக் குழியில் தனியாக, அதை எடுத்துப் பார்த்துக்கொள்வார். தொண்ணூற்றைந்தும் தொண்ணூற்றைந்தும் நூற்றுத்தொண்ணூறு. இடம் இல்லை. நிஜமாகவே இல்லை. உலகத்தில் அவருக்கு மிச்சமிருந்த பிடி அது ஒன்றுதான்.

அவள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று அவர் தவித்தார். அவள் சோறு போட்டாள், சட்டை மடித்தாள், கிளினிக்குக்குப் போய் வந்தாள். எட்டு மாதம் ஒரு வார்த்தை கிடையாது.

விசாரணை முடிந்தது, படகை எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. அங்கேயே விட்டுவிடலாம் என்றார் அவர்.

"வேணாம். கொண்டாங்க" என்றாள் அவள்.

சனிக்கிழமை காலையில் இருவருமாகத் தூக்கி வந்தார்கள். முன்பு அவன் பிடித்த பக்கத்தை அவள் பிடித்தாள். மாடிப்படித் திருப்பத்தில் படகு எங்கும் இடிக்காமல் திரும்பியது.

அவள் சோபாவை நகர்த்தினாள். கூடத்தின் நடுவில் படகை விரித்து, கால் பம்ப்பை மிதிக்க ஆரம்பித்தாள். அவர் வாங்கப் போனார். கொடுக்கவில்லை. படகு மெல்ல மெல்ல எழுந்து கூடத்தை அடைத்துக்கொண்டது. மணல் உதிர்ந்தது. சமையலறையிலிருந்து இரண்டு தண்ணீர் கேனைக் கொண்டுவந்து சிலிண்டர் இருக்கும் இடத்தில் வைத்தாள். பெட்ரோல் டேங்குக்குப் பதில் ஒரு வாளி. உள்ளறைக்குப் போய்த் தம்பியின் டைவிங் பையை எடுத்து வந்து அவன் உட்காருகிற இடத்தில் சாய்த்து வைத்தாள்.

"நீங்க உங்க எடத்துல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். காலை நீட்டினார். பாதம் பையைத் தொட்டது. பாரு, நான் சொன்னது சரிதானே என்று ஒரு கணம் அவர் மனசு கெஞ்சியது.

அவள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படகின் முனையில் ஏறினாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எதுவும் யார் மேலும் இடிக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஃபிளாஸ்க் வைக்கிற அளவுக்கு இடம்கூட மிச்சமிருந்தது.

"நான் எப்பவும் இப்படித்தானங்க உக்காருவேன்" என்றாள். "நான் காலை நீட்டி உக்காந்து நீங்க எப்பப் பாத்தீங்க?"

அவருடைய பர்ஸில் தாள் இருந்தது, பையில் டேப் இருந்தது. கை எதற்கும் போகவில்லை.

அவள் நங்கூரக் கயிறு கட்டும் வளையத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, படகுக்கு வெளியே தரையைப் பார்த்தபடி இருந்தாள். வெயில் ஜன்னலைத் தாண்டி மேலே போகும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்மா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.