அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு நெளிகோடு

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைக்காரர் தங்கபாண்டியனின் ஒரே மகன் சுந்தரராஜ், மதுரைக் கல்லூரியில் எஃப்.ஏ. வரை படித்தவன், கணக்கென்றால் சோறு மறந்து போகும். கல்யாணமான புதிதில் மற்ற புருஷர்கள் பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருவார்கள். இவன் சீமையிலிருந்து வந்த புத்தகம் ஒன்றைத் திறந்து, தேவகிருபைக்கு ஒரு நெளிகோட்டைக் காட்டினான்: ~.

"இத ஒரு வாக்கியத்துக்கு முன்னால போட்டா, அப்படியில்லைன்னு அர்த்தம், கிருபை."

"ரெண்டு போட்டா?"

"ஒண்ண ஒண்ணு தின்னுரும். வாக்கியம் பழையபடி நிக்கும்."

மறுநாள் அடுப்படிப் பலகையில் '~ கிருபை கோபக்காரி' என்று எழுதி வைத்திருந்தான். அவள் அதற்கு முன்னால் இன்னொரு நெளிகோடு போட்டாள். அன்று அவன் சிரித்த சிரிப்பை அவள் ஆயுள் முழுதும் சேர்த்து வைத்திருந்தாள்.

1913-இல் குரங்கணிக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள அவன் மலையேறினான். தனக்கென்று ஒரு சோலி வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. தங்கபாண்டியனுக்கோ நம்பிக்கையில்லை.

"புஸ்தகப் புழு மலையில நிக்காது. ஒரு சுரம்னு காதுல விழட்டும், ஆள் அனுப்பிக் கீழ கொண்டாந்துருவேன்" என்றார்.

மலையிலிருந்து கடிதங்கள் பொதிக்கழுதை ஓட்டும் அழகுமலையோடு இறங்கும். விளைச்சல் செய்தி இருக்குமென்று, அந்த வீட்டில் மலைக்கடிதத்தை முதலில் கடையில் வைத்து, வியாபாரிகள் கேட்க உரக்கப் படிப்பதுதான் வழக்கம். அதனால் பெண்டாட்டிக்கு மட்டும் சொல்ல வேண்டியதை சுந்தரராஜ் நெளிகோட்டில் சொன்னான். '~ இங்கே எல்லாரும் என் சொல் கேட்கிறார்கள்' என்று ஒருமுறை வந்தது. தங்கபாண்டியன் கோட்டைப் பொருட்படுத்தாமல் வாசித்தார்.

"பேனாவ ஒதறி ஒதறி எழுதுறான் பாரு." கதவுக்குப் பின்னால் தேவகிருபை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் வந்த கடிதத்தில் முதன்முறையாக ஓர் அடைப்புக்குறி இருந்தது.

'~ (சுரம் எதுவும் இல்லை, சாப்பாட்டுக்குக் குறையில்லை, தனிமை தெரியவில்லை).'

மாமனார் நிம்மதியாகப் படித்து நீட்டினார். வாங்கிப் பார்த்தவளுக்கு உலகம் இருண்டது. சுரம். பட்டினி. பார்த்துக்கொள்ள ஒரு நாதியில்லை. அந்த ஆண்டு மலைச்சுரம் இரண்டு பேரை விழுங்கியிருந்தது. மாமாவிடம் சொன்னால் அவன் ஆசை செத்துப்போகும். சொல்லாவிட்டால் அவனே போய்விடுவானோ?

"மாமா, நான் ஒரு எட்டு மலைக்குப் போயிட்டு வர்றேன்."

"எதுக்குத் தாயி?"

"பாக்கணும் போல இருக்கு."

அவர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்தார். "ஏலக்காய் பச்சையா இருக்கான்னு மருமக பாக்கப் போகுதுண்ணே" என்று ஒரு வியாபாரி சீண்ட, கடையே சிரித்தது. அவள் சுரத்துக்குக் கொய்னா மருந்தையும் கஞ்சிக்கு நொய்யரிசியையும் முடிந்துகொண்டு, அழகுமலையின் கழுதைகளுக்குப் பின்னால் நடந்தாள். வழியெல்லாம் மழையும் கண்ணீரும் ஒன்றாகத்தான் வழிந்தன.

ஸ்டோர் வாசலில், கண் இரண்டும் சிவந்து சுந்தரராஜ் வெளியே வந்தான். அவள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி அவன் நெற்றியில் கை வைத்தாள். குளுகுளுவென்றிருந்தது.

"கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"அடுப்புப் புகை. நீ எப்படி இங்க?"

மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். "சுரமும் பட்டினியுமா கெடக்கேன்னு எழுதிட்டு, கேக்குறதப் பாரு."

அவன் கடிதத்தைப் பார்த்தான். முகம் மாறியது. "ஐயோ, கிருபை. கோடு அடைப்புக்குறிக்கு வெளிய நிக்குது. உள்ள இருக்கற மூணையும் தனித்தனியாக் கவுக்காது. மூணும் சேந்தாப்புல உண்மையில்லைன்னு மட்டுந்தான் சொல்லும். ஒண்ணு பொய்யானாலும் போதும்."

"அப்ப சுரம்?"

"இல்ல."

"சாப்பாடு?"

"ஸ்டோர் ஆளு ராக்கையாண்ணே வேளாவேளைக்குப் பொங்கிப் போடுறாரு."

மூன்றாவதை அவள் கேட்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாதை பூராம் உங்களப் பொணமாப் பாத்துக்கிட்டே வந்தேன். இந்த ஒண்ண வெறுமனே எழுதப்படாதா?"

"கடையில படிப்பாகளே" என்றான்.

அழகுமலை இறங்குமுன் அவளே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். 'மாமா, அவர் சுகம். ஆனால் தனியாக இருக்க அவரால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன். என் துணிப்பெட்டியை அனுப்புங்கள்.'

தங்கபாண்டியன் வழக்கம்போல் உரக்கப் படிக்க ஆரம்பித்தாராம். இரண்டாவது வரியோடு நிறுத்திவிட்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம்.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. அதன் மேல், கேட்காமலே, புதுக் கம்பளி இரண்டு.