வீட்டுக்குத் தூரமாகாதவள்

எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் அம்மா முதலில் என்னைத்தான் கூப்பிடுவாள். "உனக்கு ஒண்ணும் இல்லையே? அப்ப பூஜை வேலைய நீயே பாத்துக்கோ." அண்ணி சரியாக நோன்பன்று வீட்டுக்குத் தூரமாகி அறைக்குள் உட்கார்ந்துவிடுவாள். எனக்கோ நாலு மாதம், ஐந்து மாதம் மாதவிலக்கே வராது. மயிலாப்பூரில் எங்கள் தெரு மாமிகள்கூடக் கொலுப்படி அடுக்க என்னை இரவல் கேட்பார்கள். அதில் எனக்குக் கர்வம் வேறு, மடச்சி.

சினைப்பையில் நீர்க்கட்டி என்று இருபது வயதிலேயே சொல்லிவிட்டார்கள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று அப்போது பார்த்த டாக்டர் சொன்னதை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆகவில்லை. முகவாயில் முடி முளைத்தது, கழுத்து கறுத்தது, முப்பத்தைந்தில் சர்க்கரையும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டர். மாதக்கணக்கில் விலக்காகாமல் இருப்பது ஆபத்து என்று ஒருவர்கூட என்னை உட்காரவைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியாது.

போன ஆடி வெள்ளிக்கு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது உதிரப்போக்கு ஆரம்பித்தது. இருபது நாளாகியும் நிற்கவில்லை. ஆபீஸ் நாற்காலியில் பழைய துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"இத்தினி நாள் அடைச்சிருந்ததெல்லாம் போவுதுடி, நல்லதுதான்" என்றாள் அம்மா. நானும் நம்பினேன். அடையாறில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாதாமாதம் உதிர வேண்டிய கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக் கிடக்கிறதாம். புற்றுநோயா என்று சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

முடிவு வர எட்டு நாள். பல் தேய்க்கும்போது அழுதேன், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, என்மேலும்தான். சாகப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

"இப்போதைக்கு கேன்சர் இல்ல. ஆனா செல்லெல்லாம் அந்தப் பக்கம் மாற ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர். என்னைப் பார்த்து அல்ல, அம்மாவைப் பார்த்து. "எடுத்துடறதுதான் பாதுகாப்பு. ஆனா கல்யாணம் ஆகாத பொண்ணு. மாத்திரை குடுத்து, மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்."

அம்மா கைகூப்பிவிட்டாள். "கர்ப்பப்பைய மட்டும் எப்படியாவது காப்பாத்திக் குடுத்துடுங்க டாக்டர்."

நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன்.

"அம்மா, என்னைக் காப்பாத்தச் சொல்லும்மா."